சித்தீக் பாய் காத்திருந்த சனிக்கிழமை

என் பேத்தி சுடர்விழி பிறந்து அன்றைக்கு ஐம்பத்திரண்டாம் நாள். ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. தினமும் எண்ணிக்கொண்டிருந்ததால் எனக்கு இன்னும் கணக்கு மறக்கவில்லை. மகள் வானதி தஞ்சாவூரில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். பிரசவத்துக்கு வந்தவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். குழந்தை கொட்டாவி விட்டால்கூட நான் தெருவில் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். "உலகத்துலயே ஒங்க பேத்திதான் மொதமொதலா வாயத் தொறந்துச்சா?" என்று என் வீட்டுக்காரி ஞானாம்பாள் கேட்பாள். கேட்டுவிட்டு அவளும் போய் எட்டிப் பார்ப்பாள்.

அந்த ஐம்பத்திரண்டு நாளும் எனக்கு வயல் எங்கே, வாய்க்கால் எங்கே என்று தெரியவில்லை. அந்த மயக்கத்தில்தான் சித்தீக் பாய்க்கு நான் அப்படி ஒரு காரியம் செய்தேன்.

சித்தீக் பாய்க்கு அய்யம்பேட்டைக் கடைத்தெருவில் மோட்டார் காயில் கட்டும் கடை. வீடு மட்டும் எங்கள் ஊரில், குடமுருட்டிக் கரையோரம், என் வயலை ஒட்டினாற்போல். குறுவை தொடங்கும் நேரத்தில் எரிந்துபோன பம்புசெட் மோட்டாரோடு ஆட்கள் அவர் கடையில் வரிசையில் நிற்பார்கள். மோட்டாரைப் பிரிப்பதற்கு முன்னால் முகர்ந்து பார்ப்பார். "மூணு பேஸ் மோட்டாரை ரெண்டு பேஸ்ல ஓட்டியிருக்கீங்க" என்பார். இல்லை என்று சாதிக்கிறவர்கள் வீட்டுக்குப் போய் விசாரித்தால், ஆமாம், ஓட்டியிருப்பார்கள்.

காத்திருக்கிறவர்களுக்குப் பொழுதுபோகச் சுவர் முழுக்க அட்டைகள் இருக்கும். ஜப்பான், ரஷ்யா, பிரேசில் என்று எங்கெங்கோ இருந்து தபாலில் வந்தவை. பாய்க்கு அரசாங்கம் கொடுத்த வயர்லெஸ் லைசென்ஸ் இருக்கிறது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய மனிதர், சென்னைக்குப் போய் அந்தப் பரீட்சையை எழுதினார். இங்கிலீஷில் இரண்டு தரம் தோற்று, மூன்றாம் தரம் ஜெயித்தார். காயில் கம்பியையும் பழைய ரேடியோ உறுப்புகளையும் வைத்து அவரே செட் செய்தார். வெளிநாட்டில் யாரோ ஒருவரோடு அதில் பேசினால், பேசியதற்கு அத்தாட்சியாக அவர்கள் ஒரு அட்டை அனுப்புவார்கள். ஆரம்பத்தில் ஊரில் அவரைப் போலீஸ் ஆள் என்று சொன்னார்கள். போலீஸ்காரர்கள் வந்து விசாரித்தபோது, போலீஸ் ஆள் இல்லை என்று தெரிந்து ஊரார் இன்னும் பயந்தார்கள்.

கஜா புயல் வந்தபோதுதான் அந்தப் பயம் போனது. வானதி அப்போது படித்துக்கொண்டிருந்தாள். கூடப் படிக்கும் பெண்ணின் அக்கா கல்யாணத்துக்கு வேதாரண்யம் போனவள் அங்கேயே மாட்டிக்கொண்டாள். போன் இல்லை, ரோடு இல்லை. பாய் கார் பேட்டரியை மாட்டிக்கொண்டு மூன்று நாள் செட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் அவர் வீட்டு வாசலில் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் வெளியே வந்து, "பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருக்காங்களாம். காலையில கஞ்சி குடிச்சாளாம். எழுந்திரிங்க வீரையன்" என்றார். கஞ்சி குடித்ததுவரை கேட்டு வாங்கிச் சொன்ன மனிதர் அவர்.

அப்படிப்பட்டவருக்குச் சொந்த மகனோடு பேச்சில்லை.

ஒரே மகன் ஷஹ்பாஸ். பேசக் கற்ற கையோடு தந்தி பாஷையும் கற்றவன் என்று ஊரில் சொல்வோம். அத்தாவும் மகனும் சாப்பாட்டுத் தட்டில் விரலால் தட்டிப் பேசிக்கொள்வார்கள். "எனக்குப் புரியாம என்ன பேசுறீங்க ரெண்டு பேரும்?" என்று அவன் அம்மா கரண்டியை ஓங்குவார். ஷஹ்பாஸ் படித்து, அயர்லாந்தில் வேலைக்குப் போனான். கொரோனா இரண்டாவது தடவை பரவியபோது அவன் அம்மா ஆஸ்பத்திரியில் நாலே நாளில் போய்விட்டார். அவனால் வர முடியவில்லை. யாராலும் வர முடியாத நேரம். அது பாய்க்கும் தெரியும். ஆனாலும் அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கு மகன் போனில் அழுதபோது, "இனிமே எனக்குப் போன் பண்ணாதே" என்று சொல்லி வைத்துவிட்டார்.

துக்கத்தில் வருகிற வார்த்தை. நாலு நாளில் ஆறிப்போகும் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் மகன் அத்தா பேச்சைத் தட்டாத பிள்ளை. பண்ணாதே என்றார், பண்ணவில்லை. நாலு வருஷம் ஓடிவிட்டது.

சரி, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

காலை எட்டு மணி இருக்கும். குறுவைக்கு நாற்றங்கால் எங்கே விடலாம் என்று பார்க்க வயலுக்குப் போனேன். எனக்கும் பக்கத்து வயல் நல்லக்கண்ணுவுக்கும் பொது வரப்பு ஒன்று உண்டு. அதன் மேலாகப் போனால், முழங்கால் உயரத்தில் மினுமினு என்று ஒரு செப்புக் கம்பி. ஒரு முனை தென்னை மரத்துப் பக்கம், இன்னொரு முனை எங்கேயோ போகிறது.

எங்கள் பக்கத்தில் எலித் தொல்லைக்குச் சிலபேர் வயலைச் சுற்றிக் கம்பி இழுத்துத் திருட்டுத்தனமாகக் கரண்டு கொடுப்பார்கள். எலி சாகிறதோ இல்லையோ, போன வருஷம் பக்கத்து ஊரில் தண்ணீர் பாய்ச்சப் போன ஒருவர் செத்தார். வானதி சாயங்காலம் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காற்றுக்காக இந்த வரப்பில்தான் நடப்பாள்.

காய்ந்த மூங்கில் கழியால் தட்டிப் பார்த்தேன். பொறி இல்லை. பகலில் கரண்டை எடுத்துவிட்டு இருட்டியதும் கொடுப்பார்கள் போல என்று நினைத்தேன். ரப்பர் செருப்போடு நின்று, மரப்பிடி அரிவாளால் ஒரே வெட்டு. திரும்பக் கட்டிவிடக் கூடாது என்று ஆறு துண்டாக வெட்டினேன். சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நேராக நல்லக்கண்ணு வீட்டுக்குப் போனேன். அவன் எனக்கு மருமகன் முறை. மாட்டுக் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, ஒனக்கு மனுஷன் உசுருன்னா வெளையாட்டாப் போச்சா?"

"காலங்காத்தால என்ன மாமா? பேத்தி தூங்க விடலயா?"

"வரப்புல எலிக்குக் கரண்டு வச்சிருக்கியே, எம் பொண்ணு புள்ளையத் தூக்கிட்டு நடக்குற எடம்டா அது!"

"கரண்டா? நானா?"

அவன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு டீ மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரித்தான்.

"மாமா, எங்க வயல்ல உளுந்து எடுத்து இருவது நாளாச்சு. ஒங்க வயல்ல இன்னும் நாத்தங்காலே விடல. ரெண்டு பக்கமும் கட்டாந்தரை. எலி வந்து எதத் திங்கும், மண்ணையா?"

அவன் பெண்டாட்டி கண்ணாத்தாள் உள்ளேயிருந்து, "பேத்தி பொறந்ததுலேர்ந்து மாமாவுக்கு மாசம் கெழமை தெரியல. பயிர் நிக்குதுன்னு நெனச்சுட்டாரு" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அறுவடை முடிந்த வெறும் வயலில் எவன் எலிக் கம்பி கட்டுவான்? விவசாயி என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது.

"அப்ப இது என்ன கம்பிடா?"

நல்லக்கண்ணு வாங்கிப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. "மாமா, இது காயில் கம்பி. முந்தாநாளு சித்தீக் பாய் மரம் ஏறுற இளவழகனை வச்சுத் தென்னை உச்சியில கட்டுனாரு. அத்தைகிட்டக் கேட்டுட்டுத்தான் கட்டுறேன்னாரே? ராத்திரிக் காத்துல கயிறு நழுவித் தொங்கியிருக்கும்."

வீட்டுக்கு ஓடினேன். ஞானாம்பாள் வாயில் கையை வைத்தாள். "ஐயையோ! நீங்க தஞ்சாவூருக்குத் தொட்டில் கம்பி வாங்கப் போயிருந்தப்ப வந்து கேட்டாரு. ஒங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன். நீங்க வந்ததும் வராததுமா ஆணி அடிக்க ஆரம்பிச்சிட்டீங்க, புள்ள முழிச்சுக்கிச்சு, எல்லாம் மறந்துபோச்சு."

கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு அய்யம்பேட்டைக்குப் போனேன். பாய் கடையில் ஒரு மோட்டாருக்குள் காகிதம் சொருகிக்கொண்டிருந்தார். நான் சுருளை மேசையில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஒவ்வொரு துண்டாக எடுத்து நீட்டிப் பார்த்தார்.

"மணி என்ன?" என்றார்.

"பதினொண்ணு."

"ஆறு மணிக்குள்ள கட்டிடலாமா?"

"அப்படி என்ன பாய் இன்னைக்கு?"

அவர் காகிதக் கத்தரியைக் கீழே வைத்தார். "இன்னைக்கு மார்க்கோனி நாள். கம்பியில்லாமச் செய்தி அனுப்பிக் காமிச்ச மனுஷன். அவரு பொறந்த நாளுக்குப் பக்கத்துல வர்ற சனிக்கிழமை, அவரு வேலை செஞ்ச ஊர்லயெல்லாம் எங்காளுங்க செட்டப் போட்டு ஒக்காந்திருப்பாங்க. உலகம் பூரா அவங்களைக் கூப்பிடும். அயர்லாந்துல கடலோரமா அப்படி ஒரு எடம் இருக்கு."

அவரே மெதுவாகச் சொன்னார்.

"போன வருஷம் இதே நாள். அங்கேர்ந்து ஒருத்தன் தட்டுறான். நான் சும்மா கேட்டுட்டிருக்கேன். திடீர்னு என் பேரைக் கூப்பிடுறான். எங்களுக்கு வானத்துல ஒரு பேரு உண்டு, எழுத்தும் நம்பருமா, அரசாங்கம் குடுத்தது. உலகத்துல வேற யாருக்கும் அந்தப் பேரு கெடையாது. ரெண்டு தரம் கூப்பிட்டான். யாரு தட்டுனாலும் கையெழுத்து மாதிரி தெரிஞ்சுபோகும் வீரையன். அது ஷஹ்பாஸ் கை."

"நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"எங்க சொன்னேன்? மும்முனை கரண்டு வந்துச்சு. ஊர்ல எல்லாரும் மோட்டாரைப் போட்டாங்க. நம்ம லைன்ல லோடு ஏறுனா செட்டுல ஒரே கரகரப்பு. அதுக்கப்பறம் அவனைக் காணல." கம்பித் துண்டைத் தடவினார். "அதான் இந்த வருஷம் கரண்டு லைனை விட்டுத் தள்ளி, ஒங்க வயலுக்கு மேல ஏரியல் கட்டுனேன். ஒரு வருஷமா இந்த ஒரு சாயங்காலத்துக்குத்தான்..." முடிக்காமல் விட்டார்.

என் போனை எடுத்து நீட்டினேன். "இதுல நான் தெனம் மாப்பிள்ளைக்குக் குழந்தையைக் காட்டுறேன் பாய். மொகமே தெரியுது. ஷஹ்பாஸ் நம்பரைச் சொல்லுங்க, இப்பவே கூப்பிடுவோம்."

"வேணாம்."

"அவனைத்தானே பண்ணாதேன்னீங்க? நீங்க பண்ணலாமே?"

"அவன் எடுக்கலைன்னா?"

கத்தரியை மறுபடி கையில் எடுத்தார்.

"செட்டுல கூப்பிட்டுப் பதில் வரலைன்னா, வானம் சரியில்ல, காத்து சரியில்லன்னு மனசச் சமாதானம் பண்ணிக்கலாம். போன்ல மணியடிச்சு எடுக்கலைன்னா எது மேல பழி போடுறது வீரையன்?"

போனைச் சட்டைப் பையில் போட்டேன். நாலு வருஷமாக அவர் வீட்டைத் தாண்டி நடக்கிறேன், இந்தப் பயத்தோடு ஒரு மனிதர் உள்ளே இருக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடையைப் பூட்டிவிட்டு வந்தார். ஆறு துண்டையும் ஈயம் வைத்து ஒட்டினார். நான் பிடித்துக்கொண்டேன், விரலைச் சுட்டுக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை. கம்பி பழையபடி ஒரே கம்பியானது. ஆனால் தென்னையில் ஏற்ற ஆள் இல்லை. இளவழகனுக்குப் போன் போட்டால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூம்புகார் கடற்கரைக்குப் போயிருக்கிறான். பின்னால் அலைச் சத்தம் கேட்கிறது. "இருட்டினதுக்கப்பறம்தான் மாமா வருவேன்" என்கிறான்.

நானே ஏறினேன். ஆள் உயரம் போனதும் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். கீழே ஞானாம்பாள், "விழுந்து தொலைஞ்சீங்கன்னா பேத்திக்கு மொட்டை போட மடியில வச்சுக்க ஆள் ஏது, எறங்குங்க!" என்று கத்தினாள்.

"எறங்குங்க வீரையன்" என்றார் பாய். "மோட்டார் கொட்டகை ஓரத்துலேர்ந்து அந்தப் பூவரச மரத்துக்குக் கட்டிக்குவோம்."

"அது தாழ்வா இருக்குமே பாய்?"

"கேக்குறதுக்குத் தாழ்வாயிருந்தாலும் போதும். நாம அனுப்புறது போறதுக்குத்தான் ஒசரம் வேணும். பாப்போம்."

தென்னை உச்சி எங்கே, கொட்டகைக் கூரை எங்கே. கட்டும்போதே எனக்கு மனசு சரியில்லை.

மோட்டார்களை நிறுத்தும் பொறுப்பை நல்லக்கண்ணு எடுத்துக்கொண்டான். அந்த வாரம் எங்களுக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு மும்முனை கரண்டு. ஏழு மோட்டார்க்காரர்கள். பருத்திக்கு இன்றைக்குத் தண்ணீர் விட்டே ஆகவேண்டும் என்று ஒருவர் முறுக்கினாராம். "ஒங்க மோட்டார் போன குறுவையில எரிஞ்சப்ப, பெருநாள் அன்னைக்குப் புதுச் சட்டையோட ஒக்காந்து காயில் கட்டிக் குடுத்தாரே, மறந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான். பிறகு என் காதில், "நீங்க என்னைய எலிக் கம்பி வச்சவன்னு சொன்னதை நாளைக்கு டீக்கடையில எல்லார் முன்னாலயும் வாபஸ் வாங்கணும்" என்றான். சரி என்றேன்.

ஐந்து மணிக்கு வானதி குழந்தையோடு பாய் வீட்டுக்கு வந்தாள். அவள் படித்தவள், சும்மா இருக்க மாட்டாள். "பெரியப்பா, மார்க்கோனிக்கு முன்னாடியே நம்ம நாட்டு விஞ்ஞானி போஸ் இதைச் செஞ்சு காட்டிட்டாருன்னு படிச்சிருக்கேனே?" என்றாள்.

"செஞ்சாரும்மா. அவருக்கும் சேத்துத்தான் நான் ஒக்காருறேன். வானத்துல எடம் நெறைய இருக்கு" என்றார் பாய். பேசிக்கொண்டே குழந்தையைப் பார்த்தார். கையை நீட்டினார். ஈயக் கரி பட்ட கை என்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வானதி விடவில்லை, மடியில் வைத்தாள். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "இவ்வளவுதான் இருந்தான்" என்றார்.

வானதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன பிறகு செட்டைப் போட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று காதில் மாட்டுவதைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வெளியே ஒரு மோட்டார்கூட ஓடவில்லை. எங்கள் ஊர் சாயங்காலத்தில் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. செட்டில் மட்டும் பல ஊர்க்காரர்கள் கீ, கீ என்று தட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு எல்லாம் தவளைச் சத்தம் மாதிரி இருந்தது. பாய் திருகியைத் தடவித் தடவி நகர்த்தினார். ஐந்தரை ஆனது, ஆறானது. தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது.

ஆறு பத்துக்கு அவர் கை நின்றது.

மெலிசாக ஒரு சத்தம். பாய் பென்சிலை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். ஒரு வரி எழுதியதும் பென்சில் நுனி ஒடிந்தது. மற்றொன்றை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

"என் பேரு" என்றார். "என் பேரைத்தான் கூப்பிடுறான்."

"ஷஹ்பாஸா?"

தலையை ஆட்டினார். கண்ணில் நீர் இறங்கி மூக்கு நுனியில் நின்றது. துடைக்க அவருக்குக் கை ஒழியவில்லை. தட்டுகிற கட்டையில் விரலை வைத்துப் பதில் தட்டினார். நிறுத்திக் கேட்டார். பிறகு சின்னதாக ஒன்று வந்தது.

"என்ன சொல்றான்?"

"கேக்குறான்..." பாய் ஒடிந்த பென்சிலைக் கீழே போட்டார். "'என்னைக் கூப்பிடுறது யாரு?'ன்னு கேக்குறான்."

"நீங்கதான்னு சொல்லுங்க!"

"அதைத்தான் சொன்னேன். அவனுக்குத் தெளிவா விழல."

மறுபடி தட்டினார். இந்த முறை மெதுவாக, ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி. மறுபடி அதே கேள்வி வந்தது. கூப்பிடுவது யார்? மூன்றாம் தரம் தட்டினார். வேறு யாரோ பலமான ஆள் குறுக்கே விழுந்து கத்தினான். அது ஓய்ந்ததும் ஷஹ்பாஸ் கொஞ்ச நேரம் தட்டினான். பாய் எழுதவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். பிறகு வெறும் இரைச்சல்.

"யாரோ இருக்கீங்க, ஆனா எனக்குப் புரியல, மன்னிக்கணும்னு சொன்னான். அடுத்த ஆளைக் கூப்பிடப் போயிட்டான்."

உயரம். தென்னை உச்சியில் அந்தக் கம்பி இருந்திருந்தால் அவர் பேர் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். "நான் வெட்டாம இருந்திருந்தா..."

"விடுங்க."

"எம் பொண்ணு கஞ்சி குடிச்சாளான்னு கேட்டுச் சொன்னவரு நீங்க. ஒங்க மகன் யாருன்னு கேக்குறான், பதில் போகாமப் பண்ணிட்டேனே பாய்."

அவர் செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அலமாரியில் இருந்த அவருடைய போனை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன்.

"ரெண்டு வருஷமா ஒங்க பேரைக் கூப்பிடுறான். ஒருதரம் மோட்டார் கெடுத்துச்சு, ஒருதரம் நான் கெடுத்தேன். கேள்வி கேட்டுட்டு அவன் அங்க நிக்கிறான். போன் எடுக்க மாட்டான்னா இன்னும் நெனைக்கிறீங்க?"

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். கட்டைவிரல் இரண்டு தரம் தவறியது. மூன்றாம் தரம் மணியடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான் அவர் முகத்தைப் பார்க்க மாட்டாமல் சுவரைப் பார்த்தேன். ஏழாவது மணிக்கு எடுத்தார்கள். காற்றுச் சத்தம், கடல் சத்தம், தூரத்தில் வெள்ளைக்காரர்கள் சிரிக்கிற சத்தம். அதற்கு நடுவில் ஒரு குரல், நம்பாமல்.

"அத்தா?"

"நான்தாண்டா கூப்பிட்டேன்" என்றார் பாய். "அது நான்தான்."

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எனக்கு விநோதமாக இருந்தது. ஒருவர் முழுசாகப் பேசி முடிப்பார். மற்றவர் கொஞ்சம் பொறுத்துத்தான் தொடங்குவார். குறுக்கே பேசவே இல்லை. வயர்லெஸ்காரர்களின் பழக்கம் அது என்று நினைக்கிறேன். நாலு வருஷம் பேசாதவர்கள் இவ்வளவு பொறுமையாகப் பேசுவதைக் கேட்க எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அங்கே மழை என்றான் போலிருக்கிறது. "மழையா? இங்க ஆத்துல மணல்தான் கெடக்கு" என்றார். சாப்பிட்டாயா என்றார். அம்மாவைப் பற்றி அவன் ஏதோ கேட்டான். பாய் கண்ணை மூடிக்கொண்டார். "அம்மா கபுர் பக்கத்துல ஒரு மருதாணிச் செடி வச்சிருக்கேன். தண்ணி நான்தான் ஊத்துறேன். நல்லா வந்திருக்கு" என்றார். பாய் காத்திருந்தார்.

பிறகு, "வர்றியா?" என்று கேட்டார். எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று அவருக்கே தெரியாதது போல அவ்வளவு சின்னக் குரலில் கேட்டார்.

பதில் எனக்குக் கேட்கவில்லை. அவர் திரும்பச் சொன்னதால் தெரிந்தது.

"டிசம்பரா? அதுக்கு முன்னாடி லீவு இல்லியா? சரி. சரிப்பா. டிசம்பர். அவசரம் ஒண்ணுமில்ல."

நான் மெதுவாக எழுந்து வெளியே வந்தேன். வரப்பில் இன்னும் வெளிச்சம் இருந்தது. நல்லக்கண்ணு தூரத்திலிருந்து, "மோட்டாரைப் போடலாமா மாமா?" என்று கையைக் காட்டிக் கேட்டான். இன்னும் கொஞ்ச நேரம் என்று நானும் கையைக் காட்டினேன். வெறும் வயலைப் பார்த்து நின்றேன். இனிமேல்தான் நாற்றங்கால் விட வேண்டும். குறுவை நட்டு, அறுத்து, தாளை மடக்கி உழுது, தாளடி நட்டு, டிசம்பரில் அது பூ எடுக்கிற வரைக்கும் பாய் காத்திருக்க வேண்டும்.